முதலில் ஒரு சதுரத்தைக் குதிக்க வை!

உன் யூடியூப் ஹிஸ்டரியைத் திற. ‘பத்தே நிமிடத்தில் பிளாட்ஃபார்ம் கேம்’, ‘முழு கேம் டெவலப்மென்ட் பாடம்’, ‘எந்த எஞ்சின் பெஸ்ட்?’ என்று வரிசையாக வந்து விழும். எத்தனை மணி நேரம் பார்த்தாய் என்று கணக்குப் போடாதே, வயிறு எரியும். இப்போது உன் லேப்டாப்பைத் திற. நீ செய்த கேம் எங்கே? முழு கேம் வேண்டாம் தம்பி, அம்புக்குறி விசையை அழுத்தினால் இப்படியும் அப்படியும் நகரும் ஒரு சதுரமாவது இருக்கிறதா?

இருக்காது. நீ இன்னும் ‘தயாராகிக்கொண்டு’ இருக்கிறாய். பரோட்டா மாஸ்டர் மாவு வீசுவதை எதிர் பெஞ்சில் உட்கார்ந்து வருஷம் முழுக்கப் பார்த்தாலும் உன் மணிக்கட்டு திரும்பாது. மாவு உன் கையில் கிழிந்தால்தான் திரும்பும். பார்த்தது போதும். இன்று இரவு உட்கார்.

கோடோ என்றொரு கேம் எஞ்சின் இருக்கிறது. அர்ஜென்டினாக்காரர்களான ஹுவான் லினியெட்ஸ்கியும் ஏரியல் மன்ஸூரும் உருவாக்கியது. 2014-இல் மூலநிரலை உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். காசு கிடையாது. நாளைக்கு உன் கேம் விற்றாலும் பங்கு கேட்டு யாரும் வாசலில் நிற்க மாட்டார்கள். இன்ஸ்டால்கூடச் செய்ய வேண்டாம். டவுன்லோடு செய்து, ஸிப்பைப் பிரித்து, டபுள் கிளிக் செய்தால் திறந்துகொள்ளும். ‘என்னுடையது பழைய லேப்டாப்’ என்கிறாயா? புது புராஜெக்ட் தொடங்கும்போது ‘கம்பேட்டிபிலிட்டி’ என்ற ரெண்டரரை (திரையில் படம் வரையும் பகுதியை)த் தேர்ந்தெடு, பழைய மெஷின்களை மனதில் வைத்தே அதைச் செய்திருக்கிறார்கள். லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் கோர்ஸ்களுக்கு இன்னும் வேலை வரவில்லை. என்னைக் கேட்டால், முதல் கேமை முடிக்கும்வரை வரவே வராது.

ஒரு உருவம் வை, கீழே ஒரு தரை வை. உருவத்துக்கு ஸ்கிரிப்ட் சேர்க்கும்போது நகர்வதற்கும் குதிப்பதற்கும் வேண்டிய அடிப்படை நிரலை எஞ்சினே எழுதித் தரும், கூச்சப்படாமல் வாங்கிக்கொள். ப்ளே பட்டனை அழுத்து.

உன் நாயகன் தரைக்குள் புகுந்து, ஸ்க்ரீனுக்குக் கீழே போய்க் காணாமல் போவான்.

சபாஷ்! பாடம் தொடங்கிவிட்டது. அது உன் கண்ணுக்குத்தான் தரை, எஞ்சினுக்கு வெறும் படம். நாயகனுக்கும் தரைக்கும் மோதலை உணரும் கொலிஷன் ஷேப் மாட்டியிருக்க மாட்டாய். டைல்செட்டில் தரை வரைந்திருந்தால் அதில் ஃபிசிக்ஸ் லேயர் சேர்க்க மறந்திருப்பாய். சேர். நிற்பான். அடுத்து, நீ பார்த்துப் பார்த்து வரைந்த பிக்ஸல் படம் மங்கலாகத் தெரியும். டெக்ஸ்சர் ஃபில்டரை ‘நியரஸ்ட்’ என்று மாற்று, பளிச்சென்று வரும். அதற்கடுத்து ‘நல் இன்ஸ்டன்ஸ்’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து மிரட்டும். நீ கூப்பிட்ட பெயரில் அங்கே யாரும் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். பெரும்பாலும் பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கும், போய்த் திருத்து. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு ‘நமக்கு இதெல்லாம் செட் ஆகாது’ என்று படுக்கப் போகிறவர்கள்தான் அதிகம். அது உன்னைத் திட்டவில்லையடா! தப்பு எங்கே என்று வரி எண்ணோடு சொல்கிறது. நடுராத்திரியில், எத்தனையாவது தடவையானாலும் முகம் சுளிக்காமல் சொல்லித்தரும் வாத்தியார் வேறு யார் உனக்குக் கிடைப்பார்?

அந்த ஸ்கிரிப்டில் இரண்டு எண்கள் இருக்கும். நடக்கும் வேகம் 300, குதிக்கும் வேகம் மைனஸ் 400. கணினித் திரையில் கீழே போகப் போகத்தான் ஒய் கூடும். அதனால் மேலே எழும்ப மைனஸ். எஞ்சின் தரும் ஈர்ப்பு 980. இப்போது பேப்பர், பேனா எடு. ‘வி ஸ்கொயர் ஈக்வல் டு யு ஸ்கொயர் பிளஸ் டூ ஏ எஸ்’ என்று வகுப்பே கூரை அதிரக் கத்தியதே, ‘இது எதுக்கு சார் உதவும்’ என்று கடைசி பெஞ்சில் முணுமுணுத்தாயே, இதற்குத்தான். 400-இன் வர்க்கத்தை, ஈர்ப்பின் இரு மடங்கான 1960-ஆல் வகு. சுமார் 82 பிக்ஸல். உன் நாயகன் எழும்பும் உச்சி அது. காற்றில் இருப்பது சுமார் 0.82 நொடி, அதற்குள் பக்கவாட்டில் சுமார் 245 பிக்ஸல் கடந்துவிடுவான். தரையை 32 பிக்ஸல் கட்டங்களாகப் போட்டிருந்தால் இரண்டு கட்ட உயரத் திட்டில் ஏறிவிடுவான், மூன்று கட்டத்தில் முட்டிக்கொண்டு திரும்புவான். ஏழு கட்டப் பள்ளத்தைத் தாண்டுவான். பத்துக் கட்டம் என்றால் கதை முடிந்தது.

கவனித்தாயா? குத்துமதிப்பாகப் பள்ளம் தோண்டுகிற ஆள் இல்லை நீ இனி. எந்தப் பள்ளம் பயமுறுத்தும், எந்தப் பள்ளம் கொல்லும் என்று முன்கூட்டியே தெரிந்து தோண்டுகிறவன். ஈர்ப்பை 500 ஆக்கு, மிதப்பான். 2000 ஆக்கு, தொப்பென்று விழுவான். நீ எழுதிய எண்ணுக்கு ஒரு உலகமே கட்டுப்படுகிறது. இவ்வளவு அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டா ‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ என்று மூலையில் உட்கார்ந்திருக்கிறாய்?

‘சின்ன கேம் செய்து என்ன ஆகப்போகிறது’ என்று ஒரு குரல் உள்ளே முனகும். செலஸ்ட் என்ற கேம் 2018-இல் வந்தது. மலையேறும் ஒரு பெண்ணின் கதை, உலகம் முழுக்கக் கொண்டாடினார்கள். அதன் விதை என்ன தெரியுமா? மேடி தார்ஸனும் நோயல் பெர்ரியும் நான்கே நாட்களில் செய்த ஒரு குட்டி கேம். பிக்கோ-8 என்ற கற்பனை கன்சோலுக்காகச் செய்தது. அதன் திரை அகலமும் உயரமும் வெறும் 128 பிக்ஸல், நிறங்கள் 16. அதைத்தான் பிறகு பெரிதாக வளர்த்தார்கள். பெரிய கேமுக்குள்ளேயே அந்தக் குட்டி கேமையும் ஒளித்துவைத்திருக்கிறார்கள், தேடிப் பார்.

அவர்களிடம் திருட வேண்டிய தந்திரம் ஒன்று உண்டு. விளையாடுகிறவன் பல நேரம் விளிம்பைத் தாண்டியபிறகுதான் குதிக்கும் விசையை அழுத்துவான். கால் தரையில் இல்லை, எனவே குதிக்க முடியாது, விழுவான், ‘கேம் மோசம்’ என்பான். செலஸ்ட் என்ன செய்கிறது? விளிம்பைவிட்டு நகர்ந்த பிறகும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் குதிக்க அனுமதிக்கிறது. விளையாடுகிறவனுக்கு அது தெரியவே தெரியாது, தான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்வான். ஒரு டைமர், மூன்று நான்கு வரி நிரல், அவ்வளவுதான். அந்த நாயகியின் நிரலை அவர்களே எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டுவிட்டார்கள். உலகத்தரம் என்று நீ தூரத்தில் நின்று கும்பிடுவது இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கரிசனங்களைத்தான். அதை உன்னாலும் எழுத முடியும்.

‘எனக்கு வரைய வராது.’ ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு, குதிக்கவிட்டு வீடியோ எடுத்து, அதை ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்து நகலெடுத்தார். 1989-இல் வந்த அவரது ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ கேமில் இளவரசனின் ஓட்டம் அந்தத் தம்பியின் ஓட்டம். உன் வீட்டில் தம்பி இல்லையா, ஃபோனில் கேமரா இல்லையா?

‘நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கவில்லை.’ மரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ படித்தது தொழில்துறை வடிவமைப்பு. 1985-இல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ மொத்தமே 40 கிலோபைட். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் குட் மார்னிங் படம் பெரும்பாலும் அதைவிடப் பெரிது! இடம் போதாததால் வானத்து மேகத்துக்கும் தரையில் இருக்கும் புதருக்கும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. இல்லாமையை வைத்துக்கொண்டு அவர்கள் அழவில்லை, மேகத்துக்குப் பச்சை அடித்தார்கள்.

‘தனி ஆளாக எப்படி?’ டைசுகே அமாயா என்ற ஜப்பானியர் கதை, படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து, ஏறக்குறைய ஐந்து ஆண்டு உழைத்து, ‘கேவ் ஸ்டோரி’யை 2004-இல் இலவசமாகக் கொடுத்தார்.

‘ஆங்கிலம் வராது.’ இந்தப் பயத்தை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். தமிழ்வழியில் படித்த பிள்ளைகளின் தொண்டையை நிஜமாகவே அடைக்கிற பயம் இது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். நிரலில் வரும் இஃப், எல்ஸ், வெலாசிட்டி, ஃப்ளோர் போன்ற சொற்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றை யாரும் உன்னைப் பேசச் சொல்லவில்லை, மேடையேற்றவில்லை. டைப் செய்தால் போதும். கணினி உன் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்காது. கமென்ட்டைத் தமிழில் எழுது, நாயகனுக்கு முனியாண்டி என்று பெயர் வை, அது மறுபேச்சுப் பேசாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. முதல் கேமிலேயே சோழர் காலம் முழுக்க, கடற்படை, ஆன்லைனில் நூறு பேர் சண்டை என்று ஆரம்பிக்காதே. அப்படி ஆரம்பித்த ஃபோல்டர்கள் எத்தனையோ லேப்டாப்களில் ‘நியூ ஃபைனல் டூ’ என்ற பெயரில் கிடக்கின்றன. மூன்று லெவல், ஒரு எதிரி, ஒரு கதவு. இதை முடி. முடிப்பது ஒரு தனித் திறமை. பாதியில் விட்ட பெரிய கேம் எதுவும் அதைக் கற்றுத்தராது.

முடிந்ததும் அக்கா பையனைக் கூப்பிட்டு கீபோர்டைக் கொடு. பிறகு வாயைத் திறக்காதே. இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. ஒரே பள்ளத்தில் அவன் திரும்பத் திரும்ப விழுவான்; ‘டேய், அழுத்திப் பிடிடா’ என்று உன் நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் நீ ஒன்றும் கற்க மாட்டாய், ஏனென்றால் உன் கேமை விளையாடப் போகிற மற்றவர்கள் பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்க மாட்டாய். மரியோவின் முதல் லெவலில் தொடங்கிய சில நொடிகளிலேயே ஒரு எதிரி நேராக நடந்து வரும். குதிக்கத் தெரியாதவன் செத்து, மறுபடி வந்து, குதிக்கக் கற்றுக்கொள்வான். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. நீயும் அப்படிச் செய். பையன் போனதும், அந்தக் கொலைகாரப் பள்ளத்துக்கு முன்னால், விழுந்தாலும் ஏறி வந்துவிடக்கூடிய ஒரு குட்டிப் பள்ளத்தை வை. நாளை இன்னொருவரிடம் கொடு.

பிறகு வெப் எக்ஸ்போர்ட் எடு. முதல் நாள் தேர்ந்தெடுத்த கம்பேட்டிபிலிட்டி ரெண்டரர் இங்கேயும் கைகொடுக்கும். கேம்களை வெளியிடும் இட்ச் டாட் ஐஓ தளத்தில் ஏற்று. விலை பூஜ்யம் என்று போடு. உருவாக்கியவர் பெயர் கேட்பார்கள். ‘நிஞ்ஜா’, ‘டார்க் டெவில்’ என்றெல்லாம் முகமூடி மாட்டாதே. உன் முழுப் பெயரைப் போடு, இனிஷியலோடு.