கிணற்று நீரும் கொல்லாமையும்

பாலக்காட்டு எல்லையிலே, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துச் சிற்றூரில் நாம் தர்மோபதேசம் செய்த இரவு, தாய் ஒருத்தி எழுந்து வினவினாள்: "ஐயா, எங்கள் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் இட்டோம். கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் எத்தனையோ மடிந்திருக்குமே! நாங்கள் ஏற்ற முதற் சீலம் என்னவாயிற்று?" இவ்வினாவை எளிதில் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

தேங்கிய நீர் வெறும் நீரன்று. 1674-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்துத் துணி வியாபாரி லீவன்ஹூக், ஏரி நீரைத் தாம் செய்த பூதக்கண்ணாடியால் நோக்கி, அதில் நீந்தும் நுண்ணுயிர்களைக் கண்டார். அவற்றுட் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யா, சில செய்யும். வெதுவெதுப்பான தேங்குநீரில் வாழும் நெக்லேரியா என்னும் அமீபா, குளிப்போரின் மூக்கு வழியே ஏறி மூளையை அழிக்கும். கேரளத்தில் 2016-இல் ஆலப்புழையில் அறியப்பட்ட அமீபா மூளைநோய், 2024, 2025 ஆண்டுகளில் பல உயிர்களைக் கொண்டது. கிணறுகளுக்குக் குளோரின் இட அரசாங்கம் முனைந்தது இதனாலேயே.

கொலைக்கு ஐந்து அங்கங்களை நம் உரைநூல்கள் கூறும்: உயிர் இருத்தல், அதனை உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் மரணம். கண்ணிழந்த சக்குபால தேரர் உலாவுகையில் பூச்சிகள் மிதிபட்டு மாண்டன. எண்ணம் இல்லாமையால் அவர்பால் குற்றமில்லை என்றார் பகவன். ஆயினும் நாம் அத்தேரரைப் போல் அறியாதாரல்லோம், அறிந்தே மருந்திடுகிறோம். "எமக்குத் தெரியாது" என்று தப்புவது, முதற் சீலத்தைக் காக்க நான்காம் சீலத்தைக் கெடுப்பதாகும்.

ஆகையால் நாம் கூறுவது யாதெனில்: அத்தாயின் எண்ணம் குழந்தையைக் காப்பதே, பகையன்று. எனினும் அழிவே நேரவில்லை என்று சொல்லோம். அதனைக் குறைப்பது நம் கடன். கிணற்றை மூடி வைப்போம்; வீட்டருகே நீர் தேங்கவிடோம்; தொட்டியைக் காலத்தில் கழுவுவோம். பெருகாத இடத்தில் கொல்ல வேண்டுவதில்லை. பிக்ஷுவின் எட்டுப் பொருள்களுள் ஒன்று நீர் வடிகட்டி. நூலாலையில் உழைத்த நமக்கு அத்துணித்துண்டின் அருமை தெரியும். நரம்புச்சிலந்திப் புழுவைச் சுமக்கும் சிற்றுயிரைக் குடிநீரினின்று விலக்க உதவியதும் அத்தகைய துணியே. 1996-க்குப் பின் இந்தியாவில் அந்நோய் இல்லை.

துளியிலே உயிரெண்ணும் கருணை மனிதனை மறவாதிருக்கட்டும். மகாடு நகரத்துச் சவதார் குளத்தில் ஆடுமாடுகள் குடித்தன. நம்மவர் குடிக்கலாகாது என்றிருந்தது. 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் அந்நீரை அள்ளிப் பருகினார். எறும்புக்கு இரங்கி, அயலான் தாகத்துக்கு இரங்காதவன் சீலம் காத்தவனல்லன்.

அத்தாய் கலங்கினாளே, அக்கலக்கமே அவளது சீலம் உயிரோடிருப்பதற்கு அடையாளம். மருந்தை அளவோடு இடுக, கலக்கத்தை விடாதிருக்க.