வலப்பக்க இதயமும் இயல்பு என்னும் கேள்வியும்

மனித இதயம் சற்றே இடப்பக்கம் சாய்ந்திருப்பதை அரிஸ்டாட்டிலால் காரணம் கேட்காமல் விட முடியவில்லை. இடப்பக்கத்தின் குளிர்ச்சியை ஈடுகட்டவே அது சாய்ந்தது என்றார். உறுப்பின் இடத்துக்கு ஒரு நோக்கம் உண்டு என்ற இந்த நம்பிக்கையை, ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு வாய்க்கும் உடலமைப்பு அசைத்துவிடுகிறது. அவர்களுக்கு இதயம் வலப்பக்கம், கல்லீரல் இடப்பக்கம். கண்ணாடி பிம்பம்போல உள்ளுறுப்புகள் எல்லாமே இடவலம் மாறியிருக்கும். வேறு குறை இல்லாவிட்டால் அவர்கள் மற்றவர்களைப் போலவே முழு ஆயுளும் வாழ்கிறார்கள்.

அரிதாக இருப்பது வேறு, நோயாக இருப்பது வேறு என்று பிரெஞ்சு மெய்யியலாளர் ஜார்ஜ் காங்கிலெம் 1943இல் வாதிட்டார். பெரும்பான்மையின் சராசரி உடலுக்குச் சட்டமாகாது. வாழும் ஆற்றல் குறுகும்போதுதான் நோய் தொடங்குகிறது.

ஆனால் இயல்பான உடலுக்கும் நோய் வரலாம். வலப்பக்க இதயத்தின் தமனிகளிலும் கொழுப்புப் படிகிறது, அடைப்பு வருகிறது. நெஞ்சுவலி வலது கைக்குப் பரவலாம். வழக்கமான இடங்களில் மின்முனைகளை ஒட்டி எடுத்த ஈசிஜி மருத்துவரைத் திசைதிருப்பும். இடவலம் மாற்றி ஒட்டினால் தெளிவாகும். ஆஞ்சியோகிராம் எடுக்கையில், வலது இதயத் தமனியின் வாயைத் தேட வழக்கமாகக் கடிகாரச் சுற்றில் திருப்பும் குழாயை எதிர்ச்சுற்றில் திருப்ப வேண்டும். படக்கருவியின் சாய்வுகளும் அப்படியே மாறும். பைபாஸில் வழக்கமாக இடது உள்மார்புத் தமனி செய்யும் வேலையை வலது உள்மார்புத் தமனிக்குத் தருவது பொருத்தம்.

இந்த இடவலப் புதிர் மெய்யியலுக்கும் பழையதே. இரு கைகளும் பகுதிக்குப் பகுதி ஒத்திருந்தும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது என்பதை இம்மானுவேல் காண்ட் 1768இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். பகுதிகளுக்கிடையிலான உறவுகளை மட்டும் விவரித்தால் அந்த வேறுபாடு அகப்படாது. முழு வெளியோடு உள்ள தொடர்பில்தான் அது இருக்கிறது என்பது அவர் முடிவு. குழாயைத் திருப்பும் மருத்துவரின் விரல்கள் இதை உணர்கின்றன. அந்த இதயத்தில் குறையென்று ஒன்றுமில்லை. பெரும்பான்மை உடலுக்கென வளைக்கப்பட்ட கருவியும் பழகிய கையும்தான் மாறிக்கொள்ள வேண்டும். மாறுவது மருத்துவத்தின் கடமை.

ஆனால் காங்கிலெமின் அளவுகோலுக்கும் எல்லை உண்டு. பிறவியிலேயே தவறான இடத்தில் தோன்றி, பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் இடையே ஓடும் இதயத் தமனி சிலருக்கு உண்டு. எந்தத் தடையும் உணராமல் ஓடி விளையாடும் இளைஞரின் உயிரை அது திடீரென்று பறிக்கக்கூடும். அங்கே வாழ்பவரின் அனுபவம் மட்டும் போதாது. இரத்தம் பாயும் வழியையும் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.