கணக்கெடுப்போரின் தர்மம்

அங்கன்வாடியில் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவைப் பெற வரும் கர்ப்பிணியும், பாலூட்டும் தாயும், மூன்று வயது நிரம்பாத குழந்தைக்காக வருபவளும், கைப்பேசியின் முன் முகத்தைக் காட்டி, அது ஆதார் வழியாக முன்பே பதிவான முகத்தோடு ஒத்திருக்கிறதென்று ‘போஷன் டிராக்கர்’ செயலி ஒப்பிய பின்னரே பொட்டலத்தை வாங்கலாம் என்ற ஏற்பாடு, 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் கட்டாயமாயிற்று. போலிப் பெயர்களை ஒழிப்பதே நோக்கம் என்றார்கள். ஆனால் அலைவரிசை எட்டாத மலைக் கிராமத்திலும், பதிவுக்கு வேண்டிய, ஆதாரோடு இணைந்த தொலைபேசி வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போன கணவனிடம் இருக்கும் வீட்டிலும், ஊழியருக்குப் பல வருஷங்களாகத் தெரிந்த ஒரு பெண் எதிரே வந்து நிற்க, இவள் அவளல்லள் என்று கைப்பேசி சொன்னால், கண்ட கண்ணைவிடக் கைப்பேசியின் சொல்லே செல்லுபடியாகும் என்ற நிலை இதனால் உண்டாயிற்று.

இதில் நியாயம் எந்தப் பக்கம் என்று நெடுநேரம் தேட வேண்டிய அவசியமில்லை. குடும்பங்களுக்குத் தொண்டு செய்வதற்கென்றே ஏற்பட்ட ஸ்தாபனம் திரட்டும் தகவல், முதற்கண் அந்தக் குடும்பத்தின் க்ஷேமத்துக்குப் பயன்பட வேண்டும். மேலதிகாரியின் அறிக்கைக்கும் அமைச்சரின் புள்ளிவிவரத்துக்கும் அது பயன்படுவது அதற்குப் பிற்பட்டதே. பசியைப் போக்குவதற்காக வைத்த கணக்கு உணவுக்கே தடையாகக் குறுக்கே நிற்குமானால், அது எத்துணை நுட்பமான கணக்காயினும் அதர்மமே ஆகும். கர்ப்பிணிக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் உரிய உணவு, 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வழங்கிய உரிமை என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

திருவள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் அரசனுக்கு உரைப்பது யாது? ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சோதிக்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்த பின்னரே அதை நம்ப வேண்டும் என்பது. பகைவரைப் பற்றிய செய்திக்கே இத்தனை ஜாக்கிரதை வேண்டுமென்றால், பிள்ளைத்தாய்ச்சியின் உணவைப் பற்றிய தீர்ப்புக்கு எத்தனை வேண்டும்! அங்கன்வாடி ஊழியர், உதவியாளர், அடுத்த வீட்டுக்காரி ஆகிய மூவரும் ஒருமுகமாகச் சாட்சி சொன்னாலும், செயலி ஒன்று மறுத்தால் போதும் என்பது அந்த நீதியைத் தலைகீழாக்குவதாகும். பொற்கொல்லனின் ஒரு சொல்லை நம்பித் தீர விசாரியாமல் தண்டனை விதித்த பாண்டியனைச் சிலப்பதிகாரம் நமக்குக் காட்டியிருக்கிறது. அவனாவது, பிழை தெரிந்த கணத்தில் தன்னைத் தானே குற்றவாளியாக்கிக்கொண்டு உயிரை விட்டான். இயந்திரத்துக்கு அந்த வெட்கமும் கிடையாது.

மறுபக்கத்தில் உண்மையே இல்லை என்பதல்ல. அரசாங்கப் பொருளை அதிகாரிகள் அபகரிக்கும் வழிகள் நாற்பது என்று எண்ணிக் காட்டிய கௌடில்யர் மனித சுபாவத்தை அறியாதவர் அல்லர். இல்லாத குழந்தைகளின் பெயரில் மாவு மூட்டைகள் வெளிச் சந்தைக்குப் போனதும் உண்டு. அதைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால் திருடனைப் பிடிக்கும் பொருட்டு, திருட்டுக் கொடுத்தவளையே வாசலில் நிறுத்திச் சோதிப்பது தண்டநீதியின் எந்த ஏட்டிலும் இருக்க முடியாது.

தகவல் வேண்டாம் என்பாருக்கும் இங்கே இடமில்லை. தகவலைத் தர்மமாகப் பயன்படுத்தும் வழியை இந்நாட்டில் முதலில் காட்டியவர்களுள் தமிழ்நாட்டாரும் உண்டு. உலக வங்கியின் கடனுதவியோடு 1980இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில் தொடங்கிப் பின்னர் விரிந்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் முப்பத்தாறு மாதம் வரையிலான குழந்தைகள் மாதந்தோறும் தராசில் நிறுக்கப்பட்டார்கள். ஒவ்வொரு குழந்தையின் எடையும் போன மாதத்தைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதே அங்கே முக்கியம். ஏற்றம் போதாத குழந்தைக்கு 90 நாள் துணை உணவு கொடுக்கப்பட்டது. எடை தேறியதும் நிறுத்தப்பட்டது. வளர்ச்சி அட்டையில் தன் பிள்ளையின் கோடு ஏறுவதையும் தயங்குவதையும் எழுத்தறியாத தாயும் கண்டுகொள்ளக் கூடியதாயிருந்தது. எண்ணைக் குறித்த கையே அன்றே அதற்குப் பரிகாரம் தேடியது என்பதுதான் இதன் பெருமை. நோய் இன்னதென்று நாடி, அதன் காரணத்தை நாடி, தணிக்கும் வழியை நாடிச் செய்ய வேண்டுமென்று குறளின் மருந்து அதிகாரம் வகுத்த முறை இதுவே அல்லவா? முதல் நாட்டத்தோடு நின்றுவிடுகிற வைத்தியனை எந்தச் சாஸ்திரமும் வைத்தியன் என்று ஒப்புக்கொள்ளாது. (1982இல் முதலமைச்சரின் சத்துணவுத் திட்டமும் வந்து சேர்ந்தமையால், குழந்தைகள் தேறியதில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது பண்டிதர்களுக்கும் கடினமாயிற்று, இருப்பினும் முறையின் செம்மைக்கு அதனால் குறைவில்லை.)

இப்போதைய நிலையோ வேறு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் உயரத்துக்கேற்ற எடையின்றி மெலிந்தோர் 19.3 சதவீதம், அடுத்துவந்த ஆண்டுகளில் செயலி காட்டியதோ ஏறத்தாழ 6 சதவீதம். முன்னது வீடு வீடாகத் தேர்ந்தெடுத்து அளந்தது, பின்னது பதிவு செய்துகொண்டு அளக்கப்பட்டோரை மட்டும் எண்ணியது. ஆகவே இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைப்பது சரியன்று என்பது உண்மைதான். ஆயினும் இத்தனை பெரிய இடைவெளியைக் கண்டவுடன், குழந்தைகள் தேறிவிட்டார்கள் என்று மகிழ்வதற்கு முன், தராசடியில் என்ன நடக்கிறது என்று விசாரிப்பதே அறிவுடைமை. மெலிந்த குழந்தையைப் பதிந்தால் விளக்கம் கேட்கப்படும், பதியாவிட்டால் பாராட்டு வரும் என்று ஏற்பட்டுவிட்ட இடத்தில், சத்தியத்தை எதிர்பார்ப்பது ஊழியரிடம் மகாத்மாவை எதிர்பார்ப்பதாகும்.

அந்த ஊழியருக்கு மத்திய அரசு 2018 முதல் நிர்ணயித்திருக்கும் மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநிலங்கள் சேர்ப்பது தனி. 2021இல் மகாராஷ்டிரத்தின் ஊழியர்கள், பழுதான கைப்பேசிகளையும் மராத்தியில் இயங்காத செயலியையும் சகியாமல், அரசு கொடுத்த கைப்பேசிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். குழந்தைக்குப் பாட்டும் கதையும் சொல்ல வேண்டிய பொழுது திரையைத் தடவுவதில் கழிகிறது என்ற அவர்கள் மனக்குறை சாமானியமானதன்று. நெல்லைக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும், வயலில் தானே புகுந்தால் தின்பதைவிட மிதிப்பதே அதிகம் என்று பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரி வாங்கும் முறையைப் பிசிராந்தையார் உணர்த்தியது வரிக்கு மட்டுமா பொருந்தும்? தகவல் வாங்கும் அரசுக்கும் அதுவே பொருந்தும்.

ஆகவே செய்ய வேண்டியது இது: முகம் ஒத்துவராத போதும் உணவைக் கொடுத்தே அனுப்ப வேண்டும், ஐயம் இருந்தால் கொடுத்த பின்னர் விசாரித்துக்கொள்ளலாம். கள்ளப் பெயரைக் களையும் பொறுப்பு, உணவு வாங்க வருபவளிடமிருந்து தணிக்கை அதிகாரிக்கு மாற வேண்டும். எத்தனை பேருக்கு உணவு சென்றது என்று மாதந்தோறும் பெருமையோடு வெளியிடும் மத்திய அமைச்சகம், எத்தனை பேர் இயந்திரத்தால் மறுக்கப்பட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள், அவர்களில் எத்தனை பேர் மறுபடி வரவேயில்லை என்ற இரண்டு எண்களையும், மாவட்டம் மாவட்டமாக, அதே பக்கத்தில் அச்சிட வேண்டும்.