சென்னை – சிங்கப்பூர்: நாலேகால் மணி நேரக் கணக்கு

சென்னையில் இரவு 11.15-க்குக் கிளம்பும் விமானம், சிங்கப்பூரில் காலை 6 மணிக்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருக்கிறது என வைத்துக்கொள்வோம். திரும்பி வர இரவு 8 மணிக்கு ஏறினால் 9.45-க்கு மீனம்பாக்கம். போக ஆறேமுக்கால் மணி நேரம், வர ஒன்றேமுக்காலா? முதல்முறை போகிறவர் குழம்பத்தான் செய்வார். இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டரை மணி நேரம். ஒன்றில் கழித்து மற்றதில் கூட்டினால் இரண்டுமே நாலேகால் மணி நேரப் பயணம்தான்.

இந்த இரண்டரை மணி நேரம் முழுவதையும் சூரியன் தலையில் கட்ட முடியாது. இரு ஊர்களுக்கும் இடையே தீர்க்கரேகையில் ஏறக்குறைய 24 பாகை. பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவே. மிச்சம் அரசாங்கம் வைத்த நேரம். 1981 முடியும்வரை வித்தியாசம் இரண்டு மணி நேரமாகத்தான் இருந்தது. 1982 பிறந்தபோது மலேசியா தன் தீபகற்பப் பகுதியின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளியது. அங்கே விடிய ஏழு மணி ஆவது அதனால்தான்.

சரி, தூரம்? நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். வங்காள விரிகுடாவைக் கடந்து, பெரிய நிக்கோபாருக்குச் சற்றுத் தெற்கே, சுமத்ராவின் வடமுனையைத் தொட்டு, மலாக்கா நீரிணையை ஒட்டிப் போகும் கோடு அது. ஜெட் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் மூன்றேகால் மணி நேரம் போதும். பாக்கி ஒரு மணி நேரம் எங்கே போகிறது?

ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. இறங்குவதே 200 கிலோமீட்டருக்கு முன்னால் ஆரம்பமாகிவிடும். தவிர, டிக்கெட் நேரம் என்பது விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, அங்கே போய் நிற்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம். விமான நிறுவனங்கள் தாமதத்துக்கென்று கொஞ்சம் கூட்டியும் வைக்கும். "இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்ற பெருமித அறிவிப்பின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

கடைசியாகக் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் ஓடுகிறது. வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958-ல் விரிவாக எழுதிய வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்று இது. சிங்கப்பூர் போகிற விமானத்துக்கு எதிர்க்காற்று, வருகிறதுக்குப் பின்காற்று. வழிநெடுக சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்த்தாலே பத்து நிமிடத்துக்கு மேல் போய்விடும். வேடிக்கை என்னவென்றால், அதே மாதங்களில் மீனம்பாக்கத்தில் தரைமட்டத்தில் வீசுவது மேல்காற்று. எதிர்க்காற்றில்தான் ஏற வேண்டும் என்பதால், கிழக்கே போக வேண்டிய விமானம் மேற்கே பார்த்துக் கிளம்பி, திரும்பிக்கொண்டு கடலைப் பிடிக்கிறது. பிறகு மேலே கீழ்க்காற்று எதிரே நிற்கிறது.

ஜனவரியில் இந்தத் தொந்தரவு இல்லை.