யாருடைய ஆபத்து?

‘இயற்கைச் சீற்றம்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். அந்தச் சொல்மீது எனக்கு நெடுநாள் சந்தேகம் உண்டு. சீறியது கடல் என்றால் பொறுப்பும் கடலுக்கே போய்விடுகிறது. மனிதர் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நாகப்பட்டினம் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி தமிழகத்தில் அதிக உயிர்களைப் பறித்தது இங்கேதான். மாநில அரசின் அப்போதைய கணக்கைக் கொண்டு 2005 மார்ச்சில் ஆக்ஸ்ஃபாம் வெளியிட்ட அறிக்கை, இம்மாவட்டத்தில் இறந்த பெண்கள் 2,406, ஆண்கள் 1,883 என்கிறது. அருகிலுள்ள கடலூர் மாவட்டத்தில் பெண்கள் 391, ஆண்கள் 146.

அலைக்கு ஆண், பெண் தெரியாது. பிறகு ஏன் இந்த வேறுபாடு? ஆழ்கடலில் சுனாமி அலை தாழ்வாகக் கடந்துபோகும். கரையை நெருங்கும்போதுதான் எழும். கடலுக்குள் போயிருந்த ஆண்கள் பலர் பிழைத்தார்கள். மீன் வாங்கி விற்கும் பெண்கள் படகு வரட்டும் என்று கரையில் காத்திருந்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலருக்கு நீச்சல் தெரியாது. பெண்பிள்ளைக்கு எதற்கு என்று யாரும் கற்றுத்தரவில்லை. இவற்றில் எதையும் உடலின் பலவீனம் என்று சொல்ல முடியுமா? அவர்களை அந்த நேரத்தில் அந்த இடத்தில் நிறுத்தியது நம் வேலைப் பிரிவினை.

ஒரு மாவட்டத்தின் ஆபத்தை மதிப்பிடுவோர் மூன்று கேள்விகள் கேட்பார்கள். என்ன வரக்கூடும்? அதன் பாதையில் யாரும் எதுவும் இருக்கிறார்கள், இருக்கின்றன? அவர்களால் எவ்வளவு தாங்க முடியும்? முதல் கேள்விக்கு வானிலை மையமும் செயற்கைக்கோளும் பதில் தரும். மற்ற இரண்டுக்கும் சாதியை, நிலத்தை, கூலியை, அடுப்படியைத் தெரிந்தவர்கள்தான் பதில் சொல்ல முடியும்.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய பகுதிகளை மாவட்டத் திட்டத்தில் குறிக்கச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் ஒரே பகுதிக்குள், ஒரே கூரையின்கீழ்கூட, ஆபத்து சமமாக இருப்பதில்லை. வரைபடத்தில் ஒரு கிராமத்துக்கு ஒரே நிறம்தான்.

இழப்பின் கணக்கும் அப்படித்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. மரம் ஒன்றுக்கு, வெட்டி அகற்றும் செலவும் சேர்த்து, 1,100 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. அந்தக் கணக்குக்கு மரத்தின் உடைமையாளரைத் தெரியும். அதே மரத்தின் மட்டையைக் கீற்றாக முடைந்து உலை வைத்தவளை அதற்குத் தெரியாது. அவள் பெயரில் மரம் இல்லை; பெரும்பாலும் நிலமும் இல்லை.

‘உயிர் உயிர்தானே, அதிலுமா ஆண் பெண் பிரிக்க வேண்டும்?’ என்று மாணவிகளே என்னைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. வெள்ளத்திலிருந்து ஒருவரைத் தூக்கும்போது பிரிக்கக் கூடாது. வெள்ளம் வருமுன் கணக்கெடுக்கும்போது பிரிக்காமல் விட்டால், ஏற்கெனவே இருக்கும் பிரிவினையைச் சராசரிக்குள் ஒளித்துவைக்கிறோம். சாவு நடந்த பிறகு பெண்களைத் தனியாக எண்ண முடிகிறதென்றால், அதற்கு முன்பே எண்ணியிருக்கவும் முடியும்.

இதில் இன்னொரு வலையும் இருக்கிறது. ‘பெண்கள், குழந்தைகள், முதியோர்’ என்று ஒரே மூச்சில் சொல்லி, காப்பாற்றப்பட வேண்டியவர்களின் பட்டியலில் நம்மைச் சேர்த்துவிடுவது. எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், முகாமின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டா என்பதெல்லாம் தெரிந்தவர்கள் பெண்கள். கணக்கில் வர வேண்டியவர்கள் மட்டுமல்ல, கணக்கெடுக்க வேண்டியவர்களும் அவர்கள்தான்.

கடற்கரைக் கிராமம் ஒன்றின் ஆபத்தை மதிப்பிடப் போகும் குழுவிடம், அலையின் உயரத்தோடு இதையும் கேட்கச் சொல்வேன்: காலை ஒன்பது மணிக்கு இந்த ஊரில் யார் எங்கே இருப்பார்கள், அவர்களை அங்கே நிறுத்தியது யார்?