தவறு விரலுடையதா?

கைபேசியில் மின்கட்டணம் செலுத்த முயலும் முதியவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். 'செலுத்துக', 'ரத்து செய்க' என்னும் இரு பொத்தான்களும் திரையில் சிறியனவாய், நெருங்கி நிற்கின்றன. நடுங்கும் விரல் ஒன்றை நாடி மற்றொன்றைத் தொட்டுவிடுகின்றது. அரும்பாடுபட்டு நிரப்பிய விவரமெல்லாம் மறைந்து போகின்றது. "என் கைதான் சரியில்லை" என்று தம்மையே நொந்துகொள்கிறார் அவர். பின்பு கைபேசியையும், அதனுடன் தம் இரகசிய எண்ணையும் பிறரிடம் ஒப்படைக்கிறார்.

தவறு உண்மையில் யாருடையது?

இலக்கு சிறுக்கச் சிறுக்க, அதனைச் சரியாகத் தொடுவதற்கு வேண்டிய நேரம் கூடும் என்பதை அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டினார். இணையதளங்களுக்கு நெறி வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, 2018-இல் 44 பிக்சல் நீள அகலத்தை உயர்நிலை அளவாகவும், 2023-இல் 24 பிக்சலைக் குறைந்த அளவாகவும் வரையறுத்தது. சில விலக்குகளும் தந்தது. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கான பரிந்துரையோ ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். ஆகவே, தளம் அமைப்போர் "அறியோம்" என்று கூறித் தப்ப இயலாது.

பெரிதாக்கினால் அழகு கெடும் என்பர் சிலர். பொத்தானின் உருவம் சிறிதாகவே இருக்கட்டும்; அதனைச் சுற்றித் தொடுவதற்குரிய பரப்பை விரித்தால் போதும். ஆனால், திரையை நிறைக்கும் விளம்பரத்தை மூட வேண்டிய பெருக்கற்குறி மட்டும் கடுகளவாய் இருப்பதேன்? அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. நாம் தவறித் தொட வேண்டும் என்னும் விருப்பமே உள்ளதோ என்று ஐயுற வேண்டியிருக்கின்றது.

இவ்விரிவை இரக்கச் செயலெனக் கருதுவது போதாது. இரங்குவோர் கைவிட்டால் இரக்கம் நின்றுவிடும், உரிமை அவ்வாறன்று. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொழில்நுட்பமும் அவர்கள் அணுகத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்கின்றது. நடுக்குவாதமுற்றோர்க்கு மட்டுமன்று, ஒரு கையில் குழந்தையை ஏந்திய தாய்க்கும், குலுங்கும் பேருந்தில் நிற்பவர்க்கும் இது வேண்டப்படுகின்றது.

நம்முள் தளம் அமைப்போர் சிலரே. ஆயினும், வீட்டு முதியவர் கைபேசியை நம்மிடம் நீட்டும்போது, "பார்த்துத் தொடக்கூடாதா?" என்று கடியாதிருக்க நம் அனைவராலும் இயலும். தவறு அவர் விரலில் இல்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லவும் இயலும்.