மணத்திற்குச் சான்று

கணவனும் மனைவியும் தாம் கணவன் மனைவியே என்பதை யாரிடம் மெய்ப்பிக்க வேண்டும்? நம் பாட்டன் பாட்டியர் காலத்துத் தோட்டங்களில் இக்கேள்வி எழுந்ததில்லை. மாரியம்மன் கோயிலில் மேளம் முழங்கியது, தாலி ஏறியது, லயத்து மக்கள் பந்தியில் அமர்ந்து உண்டனர். உண்டவர் அனைவரும் சாட்சி. அதற்கு மேல் ஒரு தாள் வேண்டும் என்று எவரும் நினைக்கவில்லை. இன்றோ, கடல் கடந்து மணம் செய்துகொண்ட ஓர் ஆணும் பெண்ணும் அரசு அலுவலகத்தின் முகப்பில் நின்று, தங்கள் மணம் மெய்யானது என்பதற்குத் தாள் தாளாக எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. அதுவும் ஒருமுறை அன்று. அனுமதிக் காலம் முடியும்போதெல்லாம். இதனை அவமானம் என்பார் உளர். முறைதான் என்பாரும் உளர். நான் நேரில் கண்ட இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறாள். உறவினர் வீட்டுத் திருமணத்திற்காகத் தஞ்சை மாவட்டம் சென்றபோது அங்கு ஓர் இளைஞரைக் கண்டாள். இரு வீட்டாரும் பேசி முடித்தனர். திருமணம் முறைப்படி நடந்தது, பதிவும் ஆயிற்று. கணவர் இங்கு வந்து அவளுடன் வாழ்வதற்கு நீண்டகாலச் சமூக வருகை அனுமதி பெற வேண்டும். அவளுடைய தந்தையார் உயிருடன் இல்லை. "ஐயா, நீங்கள் கூட வந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்" என்றாள். சென்றேன்.

கையில் ஒரு தடித்த கோப்பு. மணச் சான்றிதழ், கடப்பிதழ், பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, நிழற்படங்கள். முகப்பில் இருந்தவர் பண்புள்ளவர். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும் அவர் கேட்ட கேள்விகள் என் மனத்தை விட்டு அகலவில்லை. முதலில் எங்கே சந்தித்தீர்கள்? யார் பேசி முடித்தார்? நீங்கள் இருவர் மட்டும் நிற்கும் படம் போதாது. குடும்பத்தார் சூழ நிற்கும் படம் உண்டா? இருபத்தெட்டு வயதுப் பெண், தன் திருமண நாளின் மகிழ்ச்சியை ஒரு தேர்வுத் தாளுக்கு விடை எழுதுவது போல ஒப்பித்தாள். ஆசிரியனாகிய எனக்குத் தேர்வு புதிதன்று. ஆனால் இந்தத் தேர்வில் வினாத்தாளை ஆக்கியவர் எதைச் சோதிக்கிறார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

ஈண்டு ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டை என் பாட்டி ஒருநாளும் 'வெளிநாடு' என்று சொன்னதில்லை. 'ஊர்' என்றுதான் சொல்வார். கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறி, பினாங்கில் கரையிறங்கிய தலைமுறை அது. கூலித் தொழிலாளரை உதவி கொடுத்து அழைத்து வருவதை 1938இல் இந்திய அரசு தடை செய்தது. 1952ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் இப்பக்கத்துக் கதவையும் குறுக்கிற்று. அதற்குப் பின் 'ஊர்' என்பது மெல்ல மெல்ல வெளிநாடாயிற்று. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்றாயிற்று. 1969ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 இந்தியர் இந்நாட்டை விட்டுச் சென்றனர் என்பர். என் தாயாரின் மூத்த சகோதரர் அவர்களுள் ஒருவர். அவருக்குச் சிவப்பு அடையாள அட்டை. மாமிக்கு நீல அட்டை. 'ரஜூலா' கப்பலில் அவர் தனியே போனார். ஆறு திங்களில் திரும்பிவிடலாம் என்று எண்ணிப் போனவர், அங்கேயே காலமானார். மாமி கடைசிவரை பொட்டை அழிக்காமல் இருந்தார். செய்தி வந்து சேர்ந்ததே ஓராண்டு கழித்துத்தான். அட்டையின் நிறம் ஓர் இல்லறத்தை இரண்டாக்க முடியும் என்பதை நான் புத்தகத்தில் படித்து அறிந்தவன் அல்லேன்.

எனினும், அரசு சான்று கேட்பதே தவறு என்று நான் வாதாட வரவில்லை. பொய் மணங்கள் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு பெயரளவில் கணவராகவும் மனைவியாகவும் கையொப்பம் இடுவார் உண்டு. அதற்குத் தரகரும் உண்டு. அறியாப் பெண்களை ஏமாற்றி அழைத்து வருவாரும் உண்டு. பொய்யும் குற்றமும் தோன்றிய பின்னரே பெரியோர் மணத்திற்குச் சடங்கு வகுத்தனர் என்னும் கருத்தைத் தொல்காப்பியம் கற்பியலிலேயே சொல்லி வைத்திருக்கிறது. உள்ளம் ஒன்றுபட்டதே போதும் என்றிருந்த நிலை மாறி, ஊரறிய ஒரு சடங்கு வேண்டும் என்றானது எதனால்? 'இவளை நான் அறியேன்' என்று சொல்லத் துணிந்த ஆடவர் தோன்றியதால்.

அகநானூற்றின் 256ஆம் பாட்டில் அப்படி ஒருவன் வருகிறான். கள்ளூரில் ஒரு பெண்ணின் நலத்தை நுகர்ந்துவிட்டு, அவளைத் தெரியாது என்று சூளுரைத்தான். ஊர் அவையோர் சான்றுகளை ஆராய்ந்தனர். அவன் சொன்னது பொய் என்று கண்டனர். மரக்கிளையில் அவனைக் கட்டித் தலையில் சுண்ணாம்பு நீற்றைப் பெய்தனர். தண்டனை கொடியதுதான். நான் நோக்குவது தண்டனையை அன்று. அவை யாரை ஆராய்ந்தது என்பதையே நோக்குகிறேன். மறுக்கக்கூடிய வலியவனை ஆராய்ந்தது. மறுக்கப்பட்டால் நடுத்தெருவில் நிற்க வேண்டியவளுக்காக ஆராய்ந்தது.

நம் நாட்டிலும் இதே நோக்கத்தோடு ஒரு சட்டம் வந்தது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார் ஒருவனுக்கு ஒருத்தியே என்று வாழவும், மணத்தைப் பதிவு செய்யவும் அது வழி செய்தது. கோயிலில் தாலி கட்டிவிட்டு மற்றொரு தோட்டத்தில் மற்றொருத்திக்கும் தாலி கட்டிய ஆண்களைத் தோட்டங்களில் வாழ்ந்த முதியோர் அறிவர். அப்பெண்களுக்கு அந்தப் பதிவுத் தாள் ஓர் அரண். ஆகவே தாளை நான் பழிக்க மாட்டேன்.

இனி இரண்டாவது நிகழ்ச்சி. எங்கள் பள்ளியில் ஒரு சிறுவனைச் சேர்க்க ஒரு தாய் வந்தாள். தமிழ்நாட்டிலிருந்து மணமாகி வந்தவள். கணவன் இந்நாட்டுக் குடிமகன், குடிப்பழக்கம் உடையவன். பள்ளிச் சேர்க்கைக்கான ஆவணங்களைக் கேட்டேன். "எல்லாம் அவரிடம் இருக்கிறது ஐயா" என்றாள். அவளுடைய கடப்பிதழும் அவனிடமே இருந்தது. அனுமதியைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கும்போதெல்லாம் வீட்டில் சண்டை வரும் என்று, நான் கேளாமலே, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அவனே அவளுக்குப் பொறுப்பாளர். அவன் உடன் வந்து நின்று கையொப்பம் இட்டால்தான் வேலை நடக்கும். "வரமாட்டேன், நீ ஊருக்கே போ, பையன் இங்கே இருப்பான்" என்பானாம். நகையை விற்று அவன் கையில் கொடுத்த பிறகு ஒருமுறை வந்தான். மற்றொரு முறை அவளுடைய கன்னம் வீங்கியிருந்தது. நிழற்படம் எடுக்க முடியாமல் ஒரு வாரம் காத்திருந்தாள்.

கள்ளூரான் அவை முன் நின்று பொய்ச் சூள் உரைக்க வேண்டியிருந்தது. இவனுக்கு அந்தத் துன்பமும் இல்லை. புதுப்பிக்கும் நாளில் வராமல் இருந்தாலே போதும். மறுக்கக்கூடியவன் கையிலேயே எழுதுகோலைக் கொடுத்துவிட்டோம். ஆராயப்படுபவளாக அவளை நிறுத்திவிட்டோம். முதல் நிகழ்ச்சியில் எனக்கு விளங்காத வினாத்தாள் இங்கே விளங்கியது. சான்று கேட்பது குற்றமன்று. எளியவரைக் காக்கப் பிறந்த சான்று, எளியவர் மீதே ஓங்கும் கோலாக மாறிவிட்டதுதான் குற்றம். கணவனைப் பிரிந்தவருக்கும் இழந்தவருக்கும் வழிகள் முற்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவ்வழியை அறிய அவளுக்கு மொழி வேண்டும், பணம் வேண்டும், பேருந்துச் செலவு வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். வேலைக்குப் போய் ஈட்டலாம் என்றாலோ, அதற்கும் தனியே ஒப்புதல் பெற வேண்டும்.

முதலில் சொன்ன மாணவி திரும்பி வரும் வழியில் என்னிடம் ஒன்று கேட்டாள். அவளுடைய தம்பியும் ஊரிலேயே பெண் எடுத்தவன். "ஐயா, அவன் மனைவிக்கு ஒரு சட்டம், என் கணவருக்கு வேறு சட்டமா?" ஆம் என்றுதான் சொல்ல முடிந்தது. கூட்டரசு அரசமைப்பின் 15ஆம் பிரிவு, குடிமகனின் மனைவி இரண்டாண்டு இங்கு வாழ்ந்து, தொடர்ந்து வாழும் எண்ணமும் நன்னடத்தையும் உடையவளாயின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி தருகிறது. குடிமகளின் கணவனுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. அவன் ஏனைய அயலாரைப் போல, பன்னிரண்டு ஆண்டுகளில் பத்தாண்டு வாழ்ந்து, 19ஆம் பிரிவின் வழியே வர வேண்டும். நடைமுறையில் அம்மனைவியருக்கும் காலம் நீளுகிறது என்பது வேறு செய்தி. 2001இல் அரசமைப்பின் 8ஆம் பிரிவில் பால் வேறுபாடு கூடாது என்னும் சொல் சேர்க்கப்பட்டது. அச்சொல் இந்த வாசல்வரை வரவில்லை. வெளிநாட்டில் மகப்பேறு கண்ட மலேசியத் தாய்மாரின் வழக்கில் 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தாய்மார் பக்கம் தீர்ப்பளித்தது; 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது; 2024 அக்டோபரில் மக்களவை அரசமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றிப் பிள்ளைகளுக்கு வழி கண்டது. பிள்ளைக்குத் திறந்த வழி கணவருக்குத் திறக்கவில்லை. பெண் மணந்தால் கணவன் வீட்டைச் சேர்ந்தவள் என்னும் பழைய எண்ணம் சட்டப் புத்தகத்திலும் குடியிருக்கிறது. அவ்வெண்ணத்தை வளர்த்ததில் நமக்கும் பங்கு உண்டு. அரசை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

முன்னேறிய நாடுகள் இதில் நமக்கு வழிகாட்டும் என்று எண்ணிப் படித்தேன். ஏமாற்றமே மிஞ்சியது. 1979 சனவரியில், இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், மணம் செய்துகொள்ள வந்த ஓர் இந்தியப் பெண்ணை அவளுடைய கன்னிமையை அறிய உடற்சோதனைக்கு உட்படுத்தினர். அவளும் ஓர் ஆசிரியை. செய்தி வெளிவந்து இந்தியா கண்டித்த பின் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. 1985இல் மற்றொன்று. பிரிட்டனில் வாழ்ந்த மூன்று பெண்கள் தம் கணவரை உடன் வைத்துக்கொள்ள முடியாமல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினர். மனைவியரை எளிதாகவும் கணவரை அரிதாகவும் அனுமதிப்பது பால் வேறுபாடு என்று மே மாதத்தில் தீர்ப்பாயிற்று. பிரிட்டன் என்ன செய்தது தெரியுமா? கணவருக்குக் கதவைத் திறக்கவில்லை; மனைவியருக்கும் அதே அளவு குறுக்கியது. சமத்துவம் வந்துவிட்டது! 2012 முதல் ஆண்டு வருமானம் 18,600 பவுன் இருந்தால்தான் வாழ்க்கைத் துணையை அழைக்கலாம் என்றனர். 2024இல் அது 29,000 பவுன் ஆயிற்று. ஏழைக்கு அயல்நாட்டில் காதல் வரக்கூடாது போலும்.

'அப்படியானால் எவரும் வரலாம் என்கிறீர்களா?' என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அவர் ஓய்வு பெற்ற அரசு அலுவலர். இல்லை. வரும்போது ஆராயட்டும்; நன்றாகவே ஆராயட்டும். ஆனால் மெய் என்று ஒருமுறை கண்ட மணத்தை ஆண்டுதோறும் ஐயப்படுவது ஏன்? சில ஆண்டுகள் இங்கு வாழ்ந்து, பிள்ளை பெற்று, அப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர் தம் பெயரிலேயே விண்ணப்பிக்கவும், துணையின் கையொப்பமின்றித் தம் காலில் நிற்கவும் விட்டால் நாட்டுக்கு என்ன குறை வந்துவிடும்? கணவன் மனைவியிடம் அன்பாக இருப்பதும் இல்லாததும் அவரவர் பாடு என்று அரசு சொல்லலாம். அன்பில்லாதவன் கையில் நாடு கடத்தும் அதிகாரத்தைக் கொடுத்த பின் அப்படிச் சொல்ல முடியாது. நண்பர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தம் பணிக்காலத்தில் அப்படி வந்து நின்ற பெண்களைப் பார்த்திருப்பதாகவும், கோப்பில் கையொப்பம் இருக்கிறதா என்று மட்டுமே தாம் பார்த்ததாகவும் சொன்னார்.

அச்சிறுவன் இப்போது நான்காம் ஆண்டில் படிக்கிறான். கணக்கில் கெட்டிக்காரன். பெற்றோர் கையொப்பமிட வேண்டிய தேர்ச்சி அறிக்கையில் சென்ற தவணை அவன் தாய் தமிழில் கையொப்பம் இட்டிருந்தாள். தந்தைக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. பள்ளிக்கு ஒரு கையொப்பம் போதும் என்று வகுப்பாசிரியையிடம் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த திங்கள் அவளுடைய அனுமதி முடிகிறதாம். அவன் வருவானா என்று தெரியவில்லை. நான் வந்து ஒரு சொல் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறாள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கரங்கானிலிருந்து புறப்பட்டால்தான் வரிசையில் முன்னால் நிற்கலாம். அதற்கு முன் அவனை ஒருமுறை பார்க்க இன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன்.